தேய்தலும் தூர்தலும்

ஜொகூர் மாநிலத்தின் நடுப்பகுதியில் அமைந்துள்ள குளுவாங் நகரின் பெயர், 'கெலுவாங்' என்னும் மலாய்ச் சொல்லின் வழி வந்தது. பழந்தின்னி வௌவாலைக் குறிக்கும் சொல் அது. நகரம் உருப்பெற்ற 1910ஆம் ஆண்டுகளில் அவ்வட்டாரக் காடுகளில் இவ்வுயிர்கள் மிகுதியாக வாழ்ந்தன. பின்னர்க் காடுகள் வெட்டப்பட்டன, வேட்டையும் ஓயவில்லை. இன்று ஊரின் பெயரில் வௌவால் உண்டு, ஊரில் இல்லை. வௌவால்கள் மறைந்த நாள் என்று ஒன்றைச் சுட்டிக் கூறவும் இயலாது. ஓராண்டில் சில குறைந்தன. அடுத்த ஆண்டில் மேலும் சில. ஒருநாள் அந்தி வானில் அவற்றைத் தேடியவர்க்கு வானம் மட்டுமே தெரிந்தது.

இவ்வாறு சிறிது சிறிதாக இல்லாமற்போவதைக் கூறத் தமிழ் எத்தனை சொற்களை வைத்திருந்தது, அவற்றுள் எவை இன்றும் நம் நாவில் உள்ளன, எவை தம் பொருளைத் தமக்கே உண்மையாக்கிக்கொண்டு மறைந்தன என்று ஆராய்வது மொழி வரலாறு மட்டுமன்று. ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாறும் ஆகும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எட்டாம் இயல் உரியியல். அதில் ஆசிரியர் ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய் என்னும் நான்கு சொற்களை ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்து, முன்பு இருந்த ஒன்று நுண்ணிதாகக் குறைவதை இந்நான்கும் குறிக்கும் என்கிறார். இங்கே ஒன்று கருதத்தக்கது. பொருள் வெளிப்படையாக விளங்கும் சொற்களைத் தாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை என்றும், எளிதில் விளங்காதவற்றையே விளங்கிய சொற்களைக் கொண்டு உணர்த்துவதாகவும் அவ்வியலின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் கூறிவிடுகிறார். ஆகவே இந்நான்கும் அவர் காலத்திலேயே மாணாக்கர்க்குப் பொருள் கூற வேண்டிய நிலையை எய்திவிட்டன என்பது தெளிவு. தேய்வைக் குறிக்கும் சொற்களின் தேய்வு தொல்காப்பியர் காலத்துக்கும் முற்பட்டது.

நிழத்தல் இன்று அறவே இல்லை. மதுரைக்காஞ்சியில் யானைக்கு அடையாக அது வருவதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியிராவிட்டால், அப்படி ஒரு சொல் வாழ்ந்தது என்பதே பலர்க்குத் தெரிந்திராது. மலைபோன்ற உடம்பு மெலிந்து ஓய்ந்து நிற்பதைக் கூற ஒரு தனிச்சொல் இருந்தது. யானை நம் கண்முன் இருக்கச் சொல் போய்விட்டது. சாய் என்பது நெடுநல்வாடையில் விரைந்தோடிய வெள்ளம் வடிந்து மெலிவதற்கு வருகிறது. இன்று சாய்தல் என்றால் ஒருபுறமாக வளைதல் என்றே மாணவர் கொள்வர். எனினும் 'பொழுது சாய்ந்தது' என்று பாட்டியர் கூறும்போது பழம்பொருளின் நிழல் அதில் படிந்திருப்பதை உணரலாம். ஓய்தல் ஒன்றே நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது. மழை ஓய்கிறது, கை ஓய்கிறது, ஆசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள். பணி ஓய்வுக் கூட்டங்களில் அச்சொல்லின் தொல்காப்பியப் பொருளை எவரும் நினைவூட்டாதிருத்தல் நன்று.

ஆய்தலின் வரலாறுதான் மிகவும் சுவையானது. அது இன்று ஆராய்தலைக் குறிக்கும், கீரையாய்தலையும் குறிக்கும். குறைதல் என்னும் பொருள் அதற்கு எஞ்சவில்லை. ஆயினும் ஆய்த எழுத்தின் பெயர் இந்த நுண்மைப் பொருளிலிருந்தே பிறந்தது என்று கொள்வாரும் உளர். மூன்று புள்ளியாக எழுதப்படும் அந்த எழுத்துக்கு ஒலியளவு அரை மாத்திரை. கஃறீது, முஃடீது எனப் புணரும் இடங்களில் அதுவும் குறைந்து கால் மாத்திரையாகி ஆய்தக்குறுக்கம் எனப்படுகிறது. நுண்மை என்றே பெயர் பெற்ற ஒன்று மேலும் நுண்மையாகும் இடத்தையும் அளந்து பெயரிட்ட மொழி இது. அஃது, இஃது, எஃகு முதலிய சில சொற்களோடு நின்று, பாடநூலின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த ஆய்தம், இருபதாம் நூற்றாண்டில் எதிர்பாராத வகையில் மீண்டும் வேலைக்கு வந்தது. பிறமொழிச் சொற்களில் பல்லும் உதடும் சேர்ந்து பிறக்கும் ஒலியைக் காட்டப் பகரத்துக்கு முன் அதை வைத்து எழுதும் வழக்கம் பரவியது. தூய்மை நோக்குடையோர் இதனை ஏற்பதில்லை. ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அருகிய எழுத்தொன்று அழிந்தே தீரும் என்று கணக்கிட்டவர்களின் கணக்கை அது பொய்யாக்கிவிட்டது என்பது உண்மை.

அந்த ஆய்தத்தைக் கொண்டு எழுத வேண்டிய ஆங்கிலச் சொற்களுள் 'ஃபேட்' என்பது ஒன்று. நிறம் வெளிறுதலையும் ஒலி மெல்ல அடங்குதலையும் அது குறிக்கும். பழம் பிரெஞ்சு மொழியில் வெளிறியது, சுவையற்றது என்னும் பொருளில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். நிலவுக்கு அவர்கள் 'வேன்' என்பர். கடல்நீர் பின்வாங்குவதற்கு 'எப்' என்பர். தொகையும் அளவும் குறைவதற்கு 'டுவின்டில்' என்பர். இரு மொழிகளையும் கற்கும் நம் மாணவர்கள் இடறி விழும் இடம் இது. அகராதியில் இவை அனைத்துக்கும் எதிரே 'குறைதல், மறைதல்' என்று இரண்டே சொற்கள் நிற்கின்றன. அதை நம்பிய மாணவன், பள்ளியின் மாணவர் தொகை நிறம் வெளிறியதாக ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறான். குற்றம் மாணவனுடையது அன்று. எந்தப் பொருளோடு எந்த வினை சேரும் என்பதை எடுத்துரைக்காத அகராதி பாதி அகராதியே.

ஆங்கிலத்தில் 'ஃபேஸ் அவுட்' என்றொரு தொடரும் உண்டு. இது தானாகத் தேய்தல் அன்று. ஒருவர் திட்டமிட்டுப் படிப்படியாக நீக்குதல். மலேசிய ஆசிரியர்க்கு இதன் பொருளை விளக்க அகராதி வேண்டுவதில்லை. 1970ஆம் ஆண்டில் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு மலாய்மொழி வழிக்கு மாறியது. அடுத்த ஆண்டு இரண்டாம் வகுப்பு. அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பு. இவ்வாறு ஏறிய மாற்றம் 1980களின் தொடக்கத்தில் இடைநிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளை எட்டியபோது, ஆங்கில வழிப் பள்ளி என்னும் ஓர் அமைப்பு நாட்டில் இல்லாமற்போயிற்று. அது நிலவுபோல் தேயவில்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படியாக விளக்கணைத்துக்கொண்டே ஏறியதுபோல் முடிந்தது. செய்பவர் ஒருவர் இருக்கும் குறைவையும், செய்பவர் கண்ணுக்குத் தெரியாத குறைவையும் ஒரே சொல்லால் கூறுவது வரலாற்றை மயங்கக் கூறுவதாகும்.

இனித் தேய்தல் என்னும் சொல்லையே நோக்குவோம். இது உராய்தலையும் குறைதலையும் ஒருங்கே குறிப்பது. சந்தனக்கட்டை கல்லில் தேய்கிறது. செருப்பு தெருவில் தேய்கிறது. இலத்தீனிலும் உராய்ந்து தேய்தலைக் குறித்த வினையொன்றிலிருந்தே, ஆட்குறைவைக் கூறும் 'அட்ரிஷன்' என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. தொலைவிலுள்ள இரண்டு மொழிகள் ஒரே உருவகத்தைத் தனித்தனியே கண்டுகொண்டன. வள்ளுவர் இச்சொல்லின் உராய்வுப் பொருளை நன்கு அறிந்து ஆண்டிருக்கிறார். கொடுங்கோன்மை அதிகாரத்தின் 555ஆம் குறளில், துன்பம் பொறுக்கமாட்டாது குடிகள் சிந்தும் கண்ணீரே அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படைக்கருவி என்கிறார். கண்ணீர் மென்மையானது, ஆயினும் ஓயாது உராய்கிறது. மற்றோரிடத்தில், 782ஆம் குறளில், பேதையர் நட்பைப் பின்பக்கத்து நிலவுக்கு ஒப்பிடும்போது தேய்தல் என்னும் சொல்லை அவர் எடுக்கவே இல்லை. நிலவைத் தேய்ப்பவர் எவரும் இல்லை என்று எண்ணினார் போலும். இது உய்த்துணர்வுதான், ஆயினும் சொற்களை வள்ளுவர் எடைபோட்டே வைப்பவர் என்பதால் தள்ளிவிடத்தக்கதன்று. பொதுமக்களோ இவ்வளவு எடைபோடுவதில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை என்று கூறிவிட்டு, கழுதையை எதில் உரைத்தார்கள் என்று கேளாமற் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு பொருளும் தனக்குரிய முறையிலேயே மறைகிறது. தமிழ் அதற்குரிய வினையைத் தேடி வைத்தது. விளக்கு மங்கும், வாள்முனை மழுங்கும், உப்பு கரையும், கயிறு இற்றுப்போகும், மரம் பட்டுப்போகும், பசுவின் பால் வற்றும், மேகமும் கூட்டமும் கலையும், குடி நலியும். ஓரினமோ ஒரு வழக்கோ அருகும். அருகுதல் என்னும் சொல் அழிவைக் கூறாமல் அழிவுக்கு முந்திய அருமைப்பாட்டைக் கூறுவது. இலக்கணத்தார் 'அருகிய வழக்கு' என்பது இன்னும் வழக்கில் உள்ளதைத்தான். வழக்கு வீழ்ந்தது என்பது வேறு.

இவற்றுள் தூர்தல் தனித்து நிற்கிறது. மற்றவை எல்லாம் இழந்து இழந்து இல்லாமற்போவன. குளமோ பெற்றுப் பெற்று இல்லாமற்போகிறது. ஆண்டுதோறும் மழை கொண்டுவரும் வண்டலும் மண்ணும் இலைச்சருகும் சேர்ந்து ஆழம் குறைகிறது. ஒருநாள் குளம் இருந்த இடம் மேடாகிறது. மற்றவர் மண் வந்து நிறைந்து நம் ஆழம் இல்லாமற்போதலைக் கூற இதனினும் ஏற்ற சொல் கிடைப்பதரிது. தேய்ந்த சந்தனக்கட்டை வளராது. தூர்ந்த குளத்தைத் தூர்வாரலாம். இந்த வேறுபாடு மொழியிலேயே பதிந்திருக்கிறது.

இச்சொற்களோடு குளுவாங் வட்டாரத்தின் வரலாற்றை அணுகலாம். 1909ஆம் ஆண்டில் இருப்புப்பாதை ஜொகூர் பாருவரை முற்றுப்பெற்றது. அதன் வழியில் அமைந்த குளுவாங்கைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. லம்பாக், நியோர், பாலோ, சாமேக், லாயாங் லாயாங் எனப் பல இடங்களில் தமிழர் குடியேறினர். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் மலாயாவில் முடிவுக்கு வந்தபின் கங்காணி முறையே ஓங்கியது; 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை ஆள் வரத்து ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. வந்தவர்கள் ஒரு புதிய சொற்றொகுதியைப் படைத்துக்கொண்டார்கள். வீட்டு வரிசை லயமாயிற்று. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்பு பெரட்டாயிற்று. எழுத்தர் கிராணி, மேலாளர் துரை, பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் ஆயாக்கொட்டகை. மலாய் மொழியின் 'கெத்தா' கித்தாவாகித் தமிழ் உருவம் கொண்டது. மரத்தில் உறைந்து ஒட்டியது ஒட்டுப்பால். மங்கில் உறைந்தது கட்டிப்பால்.

மங்கு என்பது பால் ஏந்தும் கிண்ணம். கிண்ணத்தைக் குறிக்கும் 'மங்கோக்' என்னும் மலாய்ச் சொல்லோடு தொடர்புடையது. ஒளி குறைதலைக் குறிக்கும் மங்கு என்னும் தமிழ் வினைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே எழுத்துகளைக் கொண்டு ஒரே வட்டாரத்தில் வழங்கின. விளக்கு மங்கும் முன்பே எழுந்து மங்கு துடைக்கச் சென்ற பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொண்டதில்லை. இன்றைய நகரத்து மாணவனுக்கு வினை மட்டுமே தெரியும்.

பால்மரம் வெட்டுதலே தேய்தலுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஒவ்வொரு வெட்டிலும் உளி சீவி எடுப்பது நூலளவு பட்டை. ஒருநாள் வெட்டைக் கண்டவர்க்கு மரத்தில் யாதொரு குறைவும் தோன்றாது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பட்டை கீழிறங்கித் தீர்கிறது. புதுப்பட்டை வளர்ந்து, அதுவும் வெட்டப்பட்டுத் தீர்கிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மரம் வீழ்த்தப்படுகிறது. வெட்டியவரின் வாழ்வும் அதே அளவையில் சென்றது.

எல்லா இழப்பும் இவ்வாறு மெல்ல நிகழ்ந்ததன்று. 1942ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் ஜப்பானியப் படை குளுவாங்கைக் கைப்பற்றியது. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட இருப்புப்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதவர் பலர். இதைத் தேய்ந்தது என்றோ அருகியது என்றோ எவரும் கூறியதில்லை. 'சயாமுக்குப் போனவர்' என்றார்கள், அவ்வளவே. திடீரென நேர்ந்த இழப்புக்கு மக்கள் சொல் தேடுவதில்லை. மெல்ல நேர்வதற்குத்தான் சொல் வேண்டியிருக்கிறது. சொல் இல்லையேல் அது நேர்கிறது என்பதே தெரியாமற்போகும்.

1950களில் ஐரோப்பியர் தோட்டங்கள் விற்கப்பட்டுப் பல கூறுகளாகின. தோட்டத் துண்டாடல் என்னும் தொடர் அப்போது செய்தித்தாள்களில் நிலைபெற்றது. துண்டாடுதல் செய்வினை, செய்தவர் யாவர் என்பது தெரிந்திருந்தது. எனவே எதிர்வினையும் எழுந்தது. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றித் தொழிலாளர் பணத்திலேயே தோட்டங்களை வாங்கியது. அதன்பின் வந்த மாற்றத்துக்கோ அப்படி ஒரு கூரிய சொல் அமையவில்லை. கித்தா இருந்த நிலத்தில் செம்பனை நடப்பட்டது. இந்நாட்டில் வணிக அளவில் செம்பனை முதலில் பயிரானது 1917ஆம் ஆண்டில், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். தென்னையின் பெயர் தாங்கிய தோட்டம் செம்பனைக்குத் தாயகமானது ஒரு விந்தை. செம்பனைக்கு ஆள் குறைவாகவே வேண்டும். நாளும் வெட்ட வேண்டுவதில்லை. 1980களிலிருந்து அண்டை நாட்டுத் தொழிலாளர் மிகுந்தனர். தோட்டத்து இளைஞர் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். எவரும் எவரையும் ஒரேநாளில் வெளியேற்றியதாகப் பல தோட்டங்களில் கூற முடியாது. 'தோட்டம் கலைந்துவிட்டது' என்றே மக்கள் கூறினார்கள். மேகம் கலைவதுபோல், கூட்டம் கலைவதுபோல். செய்தவர் இல்லாத வினை அது. அச்சொல்லைத் தேர்ந்ததில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது; ஒரு பிழையும் இருக்கிறது.

மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் நாட்டிலிருந்த தமிழ்ப்பள்ளிகள் 888. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. இந்த எண்களைக் கூட்டங்களில் கூறுவோர் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகள் 'அழிந்து வருகின்றன' என்று முடிப்பர். அது முழுதும் சரியன்று. தோட்டந்தோறும் இருந்த சிறு பள்ளிகள் பல ஒன்றாக்கப்பட்டன. சில மூடப்பட்டன. சில தம் உரிமத்தோடு பட்டணத்துக்கு இடம்பெயர்ந்து, அங்குத் தோட்டத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு மாணவரைப் பெற்றன. 150 மாணவர்க்குக் குறைந்த பள்ளிகள் ஒருபுறம் மெலிந்துகொண்டிருக்க, மறுபுறம் நகரப் பள்ளிகளில் வகுப்பறை போதவில்லை. ஒன்று அருகுகிறது, மற்றொன்று பெயர்கிறது, வேறொன்று கிணறுபோல் தூர்ந்து, வாருவாரை எதிர்நோக்கிக் கிடக்கிறது. மூன்றுக்கும் ஒரே வினையைச் சூட்டினால் மூன்றுக்கும் ஒரே மருந்து போதும் என்றாகிவிடும். இடம்பெயர்ந்த பள்ளிகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் தோட்டத்தைக் குறிக்கும் 'லாடாங்' என்னும் மலாய்ச்சொல் இன்றும் நிற்கிறது. பள்ளியைச் சுற்றி ஒரு பால்மரமும் இல்லை. ஊர்ப்பெயரில் வௌவால் தங்கியதுபோலப் பள்ளிப்பெயரில் தோட்டம் தங்கிவிட்டது.

பழையன நீங்குவதும் புதியன வருவதும் காலத்தின் இயல்பு, குற்றமன்று என்று நன்னூலின் இறுதி நூற்பா அமைதி கூறுகிறது. பவணந்தி முனிவர் அதில் ஆண்ட சொல் கழிதல். தோட்டச் சொற்களுள் கழிந்தவை எவை என்று பட்டியலிட முனைவோர் ஒன்றைக் கண்டுகொள்வர்: தமிழில் கழிந்த சொல் எங்குமே கழிந்துவிட்டது என்று கொள்ளலாகாது. தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவனுக்குத் தண்டல் என்று பெயர். கங்காணிக்கு அடுத்த நிலையில் இருந்த அவனை இன்றைய மாணவர் அறியார். தண்டல் என்றால் வரி தண்டுதலே அவர்களுக்கு நினைவுக்கு வரும். ஆனால் மலாய் அகராதியைப் புரட்டினால் 'தண்டில்' என்று ஒரு சொல் இருக்கிறது. கூலியாட்களின் தலைவன் என்று அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள்.